மஞ்சள் கோட்டுக்கு வெளியே

"மேடம், அந்த மெஷினை என் சேர்ல வெக்காதீங்க. பாக்கறவங்க நான்தான் வத்தி வெச்சேன்னு நெனப்பாங்க."

செக்யூரிட்டி ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தபடியே சொன்னார். ரூபினியும் நிமிரவில்லை. காற்றில் உள்ள நுண்தூசியை அளக்கும் கருவியை அவருடைய நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு நோட்டில் நேரம் குறித்தாள். பகல் ஒன்று பத்து.

எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில், பராமரிப்புப் பிரிவில், அவள் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கண்ணாடிக் கதவிலிருந்து இருபத்தைந்து அடியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. சிகரெட் பிடிப்பவர்கள் அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தாண்டாமல் பார்த்துக்கொள்ள, கோட்டின் மேலேயே ஒரு நாற்காலி. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆரோக்கியசாமிக்கு அதில் வேலை.

கதவருகே கருவி முப்பத்திரண்டு காட்டியது. இங்கே நூற்று எண்பது. நின்றிருந்தது ஐந்து பேர்தான்.

"சேரை அந்த மரத்துகிட்ட தள்ளிப் போட்டுக்கலாம் இல்ல?"

"கேமரால சேர் தெரியணும் மேடம். கொஞ்சம் நகந்தாலும் கண்ட்ரோல் ரூம்லேந்து போன் வந்துடும். 'எல்லி ஹோதே', எங்க போனேன்னு கன்னடத்துல கத்துவாங்க."

நான்காம் மாடி சஞ்சய் வந்தான். உள்ளங்கைக்குள் பென் டிரைவ் போல எதையோ மறைத்திருந்தான்.

"நம்மளது உங்க கணக்குல வராது மேடம். இது வேப். சிகரெட் இல்ல, வெறும் ஆவி. மாம்பழ வாசனை பாருங்க."

ஊதினான். எண் இருநூற்று அறுபதுக்குத் தாவியது.

"ஆவிக்கே இப்படியா? மெஷின் ரிப்பேர்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரிப்பேர் இல்ல. அதுலயும் நுண்துளி இருக்கு." ரூபினியின் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதான் வெளிய வந்து பிடிக்கறோமே. இதுக்கும் வெளியன்னா எங்க போறது, ஓசூருக்கா?"

ஆரோக்கியசாமியும் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் வாயைப் பொத்தினார். நிற்கவில்லை. ரூபினி நோட்டை மூடினாள்.

"இருமல் ராத்திரியில இன்னும் ஜாஸ்தியா இருக்கு" என்றாள்.

சஞ்சய் திரும்பினான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆரோக்கியசாமி அவளை ஒரு கணம் முறைத்தார்.

"மேடம் சயின்ஸ் படிச்சவங்க சார். பகல் இருமலைக் கேட்டே ராத்திரி இருமலைக் கணக்குப் போட்டுடுவாங்க. தங்கவயல் சுரங்கத்துல நான் முழுங்காத தூசியா? இதெல்லாம் எனக்கு சாம்பிராணி மாதிரி."

சஞ்சய் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மற்றவர்களும் கலைந்தார்கள். கருவியில் எண் மெதுவாக இறங்கியது.

ஆரோக்கியசாமி நாற்காலிக்கு அடியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தார். எலுமிச்சை சாதம். ரூபினியும் இன்னும் சாப்பிடவில்லை. அவளுடைய டப்பா பைக்குள் இருந்தது; அதிலும் எலுமிச்சை சாதம்தான். அதை இங்கே திறக்க முடியாது.

"ரிப்போர்ட்ல என் சேரை எழுதாதீங்க மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "கதவுகிட்ட எடுத்தது போதும்."

"டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"பொகை இல்லாத எடத்துல இருன்னார். அந்த எடத்துல வேலை அவரா வாங்கித் தருவாரு? எழுதினீங்கன்னா என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும். போய் சாப்பிடுங்க."

மூன்றாம் மாடியில் மேனேஜர் ஷில்பா அவளுடைய நோட்டைப் புரட்டினாள்.

"டோர் ரீடிங் நல்லா இருக்கு. அதை மட்டும் அனுப்பு. கோட்டுக்கு வெளிய நம்ம பொறுப்பு இல்ல."

"அங்க ஒருத்தர் பன்னெண்டு மணி நேரம் உக்காந்திருக்கார் மேம்."

"அவர் கம்ப்ளைன்ட் கொடுத்தாரா?"

"மாட்டேங்கறார்."

"அப்புறம் என்ன? கம்ப்ளைன்ட் இருந்தாத்தான் வெளி ரீடிங்கை எடுத்துப்பாங்க. அவருக்காக வேற யாராவது கொடுக்கலாம். செக்யூரிட்டிக்காக யாரு கொடுக்கப் போறா, சொல்லு?"

ஷில்பா மீட்டிங்குக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ரூபினி புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். பாதிக்கப்பட்டவர்: ஆரோக்கியசாமி. அளவு: 260. புகார் தருபவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள்.

கடைசிக் கட்டம் ஒன்று மீதி இருந்தது. பாதிக்கப்பட்டவருக்கு நீங்கள் என்ன உறவு? காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. 'உறவு இல்லை' என்று அடித்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்றும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். உறவினர் இருவருக்கு ஒரே வளாகத்தில் வேலை கிடையாது என்பது இங்கே விதி.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். டீ நேரம். மஞ்சள் கோட்டைச் சுற்றி இப்போது பத்துப் பன்னிரண்டு பேர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. புகைக்கு நடுவே, நீலச் சட்டைக்குள் இரண்டு தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில், 'மகள்' என்று அடித்தாள்.