கேமராவுக்கு முகம் போதும்

“அவரு போட்டோவக் காட்டினா லேப்டாப் திறக்குமா அண்ணே?”

உலு திராமில் கணினிக் கடை வைத்திருக்கும் முனீர் நிமிர்ந்தான். கேட்டவள் ஷர்மைன். அவள் கணவன் பிரெட்ரிக்கின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, முகம் காட்டினால் திறக்கும்படி செய்துகொடுத்தவன் முனீர்தான். இப்போது அதன் கேமரா உடைந்துவிட்டதாம்.

“சாதா கேமராதான் போட்டோவுக்கு ஏமாறும், தங்கச்சி. அவரு இன்ஃப்ராரெட் மட்டும் போதும்னு செட் பண்ணச் சொன்னாரு. ஆளே முன்னால இருக்கணும் லா.”

“கண்ணு மூடியிருந்தா?”

“திறக்கும்.”

“உடம்புச் சூட்டப் பார்க்குமா?”

“இல்ல. அதுவே வெளிச்சம் அடிச்சு முகத்த மட்டும் பார்க்கும்.”

“அப்ப அதையே கொடுங்க. பாசிர் கூடாங் ஃபேக்டரியில அவரு எடுத்த வீடியோ உள்ள இருக்கு. கம்பெனி ஆளுங்க அதுக்காக வீட்டுலயே உட்கார்ந்திருக்காங்க.”

முனீருக்கு உறுத்தியது. தூங்குகிற புருஷனைக் காட்டிக்கொடுக்கப் போகிறாளா? கேமராவை எடுக்கும் சாக்கில் உள்ளே போய் பிரெட்ரிக்குக்கு போன் போட்டான்.

ஷர்மைனின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். “உங்க நம்பர்தான் அண்ணே.”

முனீர் கேமராவோடு வெளியே வந்து தடுமாறினான். “சும்மாதான்... கேமரா சரியில்லன்னா பெட்டியோட கொண்டாங்க, மாத்தித் தரேன். ஒரு வாரம் டைம் இருக்கு.”

“ஒரு வாரமா? சாயங்காலம் ஃபாதர் வந்ததும் பெட்டிய மூடிடுவாங்க அண்ணே.”