இல்லாத வண்டிக்கு ஒரு மெக்கானிக்

“ஹலோ, டிராக்டர் சர்வீஸா? எங்க வண்டி தோட்டத்துக்கு நடுவுல நின்னு போச்சுங்க. கொஞ்சம் யாரையாவது அனுப்ப முடியுமா?”

இல்லாத டிராக்டருக்காக அவள் இப்படிக் கெஞ்சுவது காலையிலிருந்து மூன்றாவது முறை. பக்கத்தில் கணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“எங்க?” என்றது ஓர் ஆண் குரல்.

வழி சொன்னாள்.

“சரி.” அவ்வளவுதான், இணைப்பு துண்டிக்கப்பட்டது.

“பேரு கேக்கல, வண்டி நம்பர் கேக்கல. இவன் வந்த மாதிரிதான்,” என்றான் கணவன். “பொய் சொல்லக் கூடாதுன்னு பொண்ணுக்கு மட்டும் பாடம் எடுக்கற, டீச்சரம்மா.”

“இது பொய் இல்லங்க, பரீட்சை.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள் சோதித்துவிட்டு ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமா? ஆனால் அவளிடம் இருந்ததே அந்த ஒரு நாள்தான். நாளை காலை புது டிராக்டருக்கு முன்பணம் கட்டியாக வேண்டும்.

போன வருஷம் மருந்தடிக்கும் நேரத்தில் பழைய டிராக்டர் வரிசைக்கு நடுவே நின்றுவிட்டது. “இதோ கிளம்பிட்டோம்” என்றே சர்வீஸ்காரர்கள் ஒன்பது நாள் ஓட்டினார்கள். மெக்கானிக் வந்து சேர்ந்தபோது எலுமிச்சைக் கொழுந்தில் பாதியைப் பூச்சி தின்று முடித்திருந்தது. அந்த வண்டியை விற்றாயிற்று; இன்னொரு வருஷம் அப்படிப் போனால் தோட்டத்தையே விற்க வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை பன்னிரண்டு தோட்டக்காரர்களிடம் விசாரித்து நோட்டில் கட்டம் போட்டிருந்தாள். மர வரிசைக்குள் நுழைகிற சின்ன டிராக்டர் மூன்றே மார்க்கில்தான் கிடைத்தது. யானை மார்க் லேசில் பழுதாகாது, ஆனால் பழுதானால் ஒரு போல்ட்டுக்குக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பு மார்க் டீசல் குறைவாகக் குடிக்கும், அடிக்கடி கிளட்ச் போகும். கப்பல் மார்க் இன்ஜினை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்த ஷோரூம் மட்டும் தொலைவு, அவள் போனதில்லை. வெயிலில் வெளுத்த ஒரு சுவர் விளம்பரத்திலிருந்து நம்பரை எழுதி வந்திருந்தாள்.

எந்த வண்டி எப்படி என்பது பன்னிரண்டு பேர் சொல்லித் தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் வருவது யார் என்பதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“யானைக்காரங்க என்ன சொன்னாங்க?”

“எட்டு இலக்கத்துல புகார் நம்பர் குடுத்தாங்க. பாட்டுப் போட்டாங்க.”

“அம்பு?”

“பத்தே நிமிஷம், மேடம்னாங்க. அது பத்து மணிக்கு.”

“மணி பன்னெண்டரை ஆச்சே! அவங்க ஊர் நிமிஷம் கொஞ்சம் பெருசு போல. எல்லாம் வாய்ப்பந்தல் போடற ஆளுங்க.” கணவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

அவள் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தூறல் பிடித்தது. அது விழுகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய தூறல். எலுமிச்சை மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மைக்குள் கரைந்தன. பூவின் வாசனை மட்டும் வழி தெரிந்ததுபோல் வாசல்வரை வந்தது. கண் சொருகியது. வரிசைகளுக்கு நடுவே ஒரு சின்ன டிராக்டர் மிதந்து போனது. சக்கரம் மண்ணில் படவில்லை. அதன் சத்தம் நெருங்கி வந்து, காதருகே நின்றது.

“வண்டி எங்கக்கா?”

கண்ணைத் திறந்தாள். எதிரே ஓர் இளைஞன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். தோளில் கனத்த கருவிப் பை. பின்னால் அவனுடைய பைக்கிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மணி மூன்று.

அவள் தோட்டப் பக்கம் கையை மட்டும் காட்டினாள். அவன் விறுவிறுவென்று பனிமூட்டத்துக்குள் போனான். முதல் வரிசை, இரண்டாவது வரிசை என்று ஒவ்வொன்றாகத் தேடுவது நிழலாகத் தெரிந்தது. கடைசி வரிசைவரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

“சக்கரத் தடமே காணோமேக்கா?”

“தம்பி... மன்னிச்சுக்கோப்பா. வண்டியே இல்ல.”

நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கணவன் துண்டும் டீயும் கொண்டு வந்து நீட்டினான், தானும் சேர்ந்து மாட்டிக்கொண்ட முகத்தோடு.

இளைஞன் படியில் உட்கார்ந்தான். “அறுபது கிலோமீட்டர்க்கா,” என்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இல்லாத வண்டியை ரிப்பேர் பண்ண வந்த ஒரே மெக்கானிக் நான்தான்.”

“அதனாலதான் நீ ஜெயிச்சுட்ட!” அவள் முகம் மலர்ந்தது. “யானையும் வேணாம், அம்பும் வேணாம். நாளைக்குக் காலைல உங்க ஷோரூமுக்குத்தான் வர்றோம். வண்டி நின்னா வந்து நிக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்பா. உங்க முதலாளிகிட்டச் சொல்லிடு.”

தலை துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“கடையை மூடி ஏழு மாசம் ஆச்சுக்கா,” என்றான் அவன் தயக்கத்தோடு. “நான் இப்ப ரொட்டிக் கம்பெனில மாவு பிசையறேன். கடைல குடுத்த இந்த ஃபோனைத் திருப்பிக் கேக்க மட்டும் யாரும் வரல. இதுல யாராவது கூப்பிட்டா, அரை நாள் லீவு சொல்லிட்டுக் கிளம்பிடுவேன்.”