எழுத்துக்கு மச்சம்

"கொஞ்சம் குந்து வேலு. இனாயத் பாய் வந்துக்கினு கீறாரு. அவரு ஒரு தபா பாத்துட்டா வேலைய உன்கிட்டயே குடுத்துடறேன்."

தேவானையம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வேலுதான் எழுத்துப் பெட்டியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மயிலாப்பூர் மாடவீதியில் புருஷன் விட்டுப்போன அச்சாபீஸைப் பன்னிரண்டு வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவள் அவள். பள்ளிக்கூடங்களுக்குப் பத்தாயிரம் பிரதி அடிக்க வேண்டும், அதற்குப் புது எழுத்து வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மாம்பலத்தில் புதிதாக எழுத்து வார்க்கும் பட்டறை போட்டிருந்த வேலு, தன் ஈய எழுத்துகளைப் பெட்டியோடு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மாதிரிக்கு ஒரு பக்கம் அச்சடித்தும் காட்டினான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால், "இது இனாயத் பாய் எழுத்தாட்டமே கீதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். வேலுவின் மடியில் கனம் இருந்தது. அவன் பெட்டியில் இருந்தது இனாயத் நாலு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, இரும்பில் ஒவ்வொன்றாக வெட்டிய எழுத்துதான். கோபாலபுரத்தில் மூடிப்போன ஒரு அச்சாபீஸிலிருந்து அதில் ஒரு செட் வேலுவின் கைக்கு வந்தது. அதை வைத்தே அச்செடுத்து, ஈயம் ஊற்றி, இரண்டே மாதத்தில் தன் எழுத்தாக்கிக்கொண்டான்.

எழுத்து வெட்டுகிறவர்கள் அடையாளத்துக்கு எங்காவது ரகசியமாக ஒரு கீறல் விட்டுவைப்பார்கள் என்பது வேலுவுக்குத் தெரியாதா என்ன? பூதக்கண்ணாடியும் கையுமாகப் பத்து நாள் தேடினான். 'ழ'வின் வாலில் ஒன்று, 'ண'வின் கடைசிச் சுழியில் ஒன்று அகப்பட்டன. இரண்டையும் தடயம் தெரியாமல் சரிசெய்துவிட்டான். ஆனாலும் பயம் போகவில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்துவிட்டால்? பட்டணத்து அச்சாபீஸ்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். திருட்டு எழுத்து என்று பேர் வந்துவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. அதனால்தான் காலையில் அவன் பெண்டாட்டி பாஞ்சாலி, என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இனாயத் வந்தார். சலாம் சொல்லிவிட்டு மாதிரிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய பூதக்கண்ணாடி வரிவரியாக நகர்ந்தது. 'ழ' வந்த இடத்தில் நின்றது. 'ண' வந்த இடத்தில் இன்னும் அதிக நேரம் நின்றது. வேலுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழை வரும்போல இருக்கிறது என்றான். டிராமில் கூட்டமா என்று கேட்டான்.

"நம்ம எழுத்துக்கு மச்சம் உண்டும்மா," என்றார் இனாயத் கடைசியில். "இதுல அது இல்ல. என்னுதுன்னு எப்படி சொல்றது?"

போன உயிர் திரும்பி வந்தது வேலுவுக்கு. பாய் பெரிய மனசுக்காரர், அவருக்கு முன்னால் தானெல்லாம் கால்தூசு என்று அடுக்கிக்கொண்டே போனான். தேவானையம்மாள் அலமாரியைத் திறந்து, அடிக்க வேண்டிய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, எந்த எழுத்து எத்தனை வார்க்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க அவனிடம் நீட்டினாள்.

செருப்பை மாட்டப்போன இனாயத் திரும்பிப் பார்த்தார். "இன்னா புஸ்தகம்மா?"

"அரிச்சுவடி பாய். ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு."

"அப்ப 'ங' வரிசை முழுசா வருமே. தம்பி பெட்டியில அது கீதா? ஒரு வரி கோத்துக் காட்டச் சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று வேலு சிரித்துக்கொண்டே பெட்டியின் மூலையில் கையை விட்டான். வார்த்த நாளிலிருந்து அந்தப் பக்கம் அவன் கை போனதில்லை. 'ங்'கை விட்டால் அந்த வரிசையில் மற்றதெல்லாம் யாருக்கும் வேண்டாத எழுத்து. அதையெல்லாம் எவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான்? ங, ஙா, ஙி என்று வரிசையாகக் கோத்து, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தான்.

இனாயத் அந்தக் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. அதையும் பூதக்கண்ணாடியையும் தேவானையம்மாளிடம் தள்ளிவிட்டு வேலுவின் பக்கம் திரும்பினார்.

"'ழ'வுலயும் 'ண'வுலயும் வச்சது திருடனுக்காக, தம்பி. அவனும் ரெண்டு மச்சத்தைக் கண்டுபுடிச்சாத்தானே தேடுறத நிறுத்துவான்."

தேவானையம்மாள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ஏம்பா வேலு, உன் 'ஙூ' வயித்துக்குள்ள கடுகாட்டம் ஒரு 'இ' குந்திக்கினு கீதே, அது இன்னா?"