அவர் வாசித்த முடிவு

சோபாவில் மனைவி, அவளை ஒட்டி நாற்காலியில் கணவர், எதிரே டிவியில் கொரியத் தொடரின் கடைசி அத்தியாயம். அவளுக்குப் பார்வை போன ஆறு வருடமாகத் திரையில் ஓடும் தமிழ் வரிகளை அவர்தான் வாசித்துச் சொல்கிறார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதாநாயகன் ஏதோ முனகிவிட்டுக் கண்மூடினான்; கதாநாயகி கதறினாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "எனக்குக் குணமாயிடுச்சு, கல்யாணத்துக்குத் தேதி பாருங்கிறான்."

"அவ ஏன் அழறா?"

"ஆனந்தக் கண்ணீர்டி!"

"சரி, டைரக்டருக்கு ஒரு கடுதாசி. சொல்லச் சொல்ல எழுதுங்க. ஐயா, கேட்டுக் கேட்டு உங்க பாஷை எனக்கு அத்துப்படி. நீங்க சாகடிச்சவனை என் வீட்டுக்காரர் பிழைக்க வச்சிட்டார். அவர் முடிவுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

பேனா நின்றது. "அப்புறம் எதுக்கு என்னை வாசிக்க வச்சே?"

"உங்க வாயால காதல் வசனம் வேற எப்படிக் கேக்கிறதாம்?"

அவர் உறையை ஒட்டி, அடுத்த தொடர் தொடங்குவதற்குள் தபால் பெட்டிக்கு ஓடினார்.