அப்பா வேஷம்

மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒத்தப் புள்ளைங்க மாப்ள. கண்கலங்காம வெச்சுக்கோங்க" என்றார், குரல் தழுதழுக்க.

"கட்! சூப்பர் அங்கிள்" என்றான் ஜீவா.

"எங்கீங்க தம்பி சூப்பர்? எடது கண்ணுல மட்டுந்தான் தண்ணி வந்துச்சு. அந்தக் கிளிசரினைக் குடுங்க, இன்னொரு டேக் போலாம்."

இது ஏழாவது டேக். சேந்தமங்கலத்தில் உரக்கடை வைத்திருப்பவருக்குள் இப்படியொரு நடிகன் ஐம்பத்திரண்டு வருஷமாக ஒளிந்திருந்ததைக் கொல்லிமலைதான் கண்டுபிடித்தது.

அவர் மலையேறி வந்தது நடிப்பதற்கல்ல. மகள் கீர்த்தனா எம்.ஏ. ஊடகவியல் கடைசி வருஷம், படிப்பு முடியக் குறும்படம் எடுத்தாக வேண்டுமாம். கூடப் படிக்கிற கூட்டத்தில் எவனையோ அவள் விரும்புகிறாள் என்று அவர் காதில் விழுந்திருந்தது. முள்ளுக்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் நிச்சயம் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. விடுவாரா மனுஷன்? மனைவியையும் கூட்டிக்கொண்டு காவலுக்கு வந்துவிட்டார்.

எவன் என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. டைரக்டர் ஜீவாதான். தாடி, கூலிங் கிளாஸ், வாய்க்கு வாய் 'கீர்த்து'. கீர்த்தனாவுக்கு ஜோடியாக, கதாநாயகனாகவும் அவனே நடிப்பதாக இருந்தான்.

"நீங்க கேமராவப் பாருங்க தம்பி, அது போதும்" என்று முளையிலேயே கிள்ளினார். கதாநாயகனையும் தாமே பொறுக்கியெடுத்தார். வெளிச்சத்துக்குத் தெர்மாகோல் அட்டை பிடித்துக்கொண்டிருந்த மணிவண்ணன். பெண்பிள்ளைகளோடு பேச நேர்ந்தால் தன் செருப்பைப் பார்த்துப் பேசுகிறவன். அப்பாவி என்றால் அப்படியொரு அப்பாவி.

ஜீவா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தான். "அப்படின்னா அப்பா வேஷம் நீங்கதான் கட்டணும் அங்கிள்."

வந்த வேலை குழந்தைவேலுவுக்குப் பாதி மறந்துபோனது.

அடுத்தது தாலி கட்டும் காட்சி. அந்த மலையிலேயே குண்டூர் நாட்டுப் பூசாரியான அப்பாசாமி கோயில் வாசலில் நின்று, சாமியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "சேந்தமங்கலத்துக் குழந்தைவேலு மக கீர்த்தனாவுக்கும், ராசு மகன் மணிவண்ணனுக்கும் நீதான் சாமி தொணை நிக்கோணும்!"

"ஏனுங்க பூசாரி, நிறுத்துங்க!" குழந்தைவேலு பதறினார். "படத்துல பேரு வேறைங்க. இவ பூங்கொடி, அவன் வேலன்."

"விடுங்க அங்கிள், டப்பிங்ல மாத்திக்கலாம்" என்றான் ஜீவா.

"டப்பிங்ல மாத்திக்கலாமுங்க" என்று சுற்றி நின்ற ஊர்க்காரர்களுக்கு அவர் விளக்கினார். டப்பிங் என்றொரு சங்கதி இருப்பது அவருக்கே தெரிந்து பத்து நொடிதான் ஆகியிருந்தது.

தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. ஒரே டேக்கில் ஓகே. மனைவி மயிலம்மாள் மட்டும் ஓரமாக நின்று கிளிசரின் இல்லாமலேயே அழுதுகொண்டிருந்தாள். கேமரா இருக்கிற பக்கம் திரும்பி அழக்கூடத் தெரியவில்லையே என்று அவருக்கு எரிச்சல்.

பேக்கப் சொன்னார்கள். நாள் முழுக்க அந்தத் தாடிக்காரனை மகள் பக்கம் அண்டவிடவில்லை என்பதில் குழந்தைவேலுவுக்கு ஏகப் பெருமை.

"கண்ணு, அந்தத் தாலியக் கழட்டி டைரக்டர் தம்பிகிட்டக் குடுத்துட்டு வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கீர்த்தனா கழற்றவில்லை. மணிவண்ணன் முதல் தடவையாகச் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பூசாரி பேரைச் சரியாத்தானுங்கப்பா சொன்னாரு."