குரலில் காக்கி போதாது

"யூனிஃபார்ம் பிரமாதம். ஆனா மூஞ்சி? வயிறு முட்ட லிட்டி தின்னுட்டுத் தூங்கப் போறவன் மூஞ்சி!" என்றான் சுபோத்.

வாசலில் நின்றவன் திருதிருவென விழித்தான்.

வீடியோ காலில் போலீஸாகத் தோன்றி, "உன்னைக் கைது பண்றேன்" என்று மிரட்டிப் பணம் கறப்பதில் அந்த ஜார்க்கண்ட் கிராமத்தில் சுபோத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. காக்கி மாட்டிக்கொண்டு அவனிடம் வேலை கேட்டு வராத ஆளே ஊரில் இல்லை.

"எங்கே, என்னைக் கைது பண்ணு பார்ப்போம்."

"உங்களை... கைது பண்ணலாம்னு வந்திருக்கேன், ஐயா."

"பொண்ணு கேக்க வந்தியா? கேமராவுல பாக்குறவனுக்குக் குலை நடுங்க வேணாமா? நெஞ்சை நிமித்து! அடிவயித்துலேர்ந்து கத்து!"

வந்தவன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"எந்திரிடா! யூ ஆர் அண்டர் அரெஸ்ட்!"

கூரையிலிருந்த புறாக்கள் பறந்தே போயின.

"சபாஷ்! வேலை உனக்குத்தான்!" சுபோத் துள்ளிக் குதித்தான். கையில் விலங்கு விழுந்ததும் அதன் கனத்தில் சொக்கிப்போனான். "அடடா, அசல் மாதிரியே இருக்கே! எங்கே வாங்கினே?"

"கவர்மென்ட்ல குடுத்தது, குருஜி," என்றார் இன்ஸ்பெக்டர். "குரல்தான் இத்தனை நாளா வராம இருந்துச்சு."