பல்லில் பிடித்த நூல்

உலக அழகுக்கலைஞர் சங்கத்தின் நூற்றாண்டுக்காக எல்லாப் பார்லர்களிலும் புதுப் படம் மாட்டச் சொன்னார்கள். முதல் மாநாட்டில் எடுத்த அதே பழைய புகைப்படம்தான், திருத்தியது. பழைய படத்தில், சங்கத்தைத் தொடங்கிய அம்மாள் நூலின் முனையைப் பல்லில் கடித்தபடி ஒருத்தியின் புருவத்தைத் திருத்துவாள். புதியதில் நூல் இல்லை, சும்மா சிரிக்கிறாள்.

தூத்துக்குடியில் பார்லர் நடத்தும் பெர்பெத்துவா பழைய படத்தைக் கழற்றவில்லை. சங்கம் தடை செய்த பிறகும் பல்லில் நூல் பிடிப்பதை விடவில்லை. நேற்று அவளை நீக்கிவிட்டார்கள். சங்கத்தில் சேர்ந்தபோது மணிக்கட்டில் அவர்கள் பூட்டிய காப்பு மட்டும் கழலவில்லை. நீக்கியதிலிருந்து, எந்த முகத்தருகே கை போனாலும் அந்தக் காப்பு விரல்களை விறைக்க வைக்கிறது.

இன்று சங்கத்து ஆய்வாளர் மெர்வின் வந்து பழைய படத்தைப் பிடுங்கினார். கண்ணாடி விழுந்து உடைந்தது. பெர்பெத்துவாவின் சின்ன மகள் பயந்து வீறிட்டாள். ஓடிவந்து அணைத்த தாயின் விரல்கள், கண்ணீரைத் துடைக்கப் போன இடத்தில் கட்டையாக நின்றுவிட்டன.

"இது எம் பிள்ள. கஸ்டமர் இல்ல. என் கைய விடுங்க!"

"பிள்ளைக்கும் முகம் இருக்குல்லா மேடம்? கண்டவங்களும் முகத்துல கை வைக்கக் கூடாதுன்னுதான் சங்கத்தையே ஆரம்பிச்சாங்க. வரலாறு தெரியாமப் பேசாதீங்க."

"படத்துல அந்தம்மா வாயில இருந்த நூல அழிச்சிட்டு எனக்கு வரலாறு சொல்லுதீயளோ?"

அவள் குனிந்து முந்தானை நுனியைப் பல்லில் கவ்வி, மகளின் ஒரு கண்ணைத் துடைத்தாள்.

மெர்வின் அதைப் படமெடுத்துக்கொண்டார். "மறுபடியும் பல்லு. அதுக்கும் ஒரு பூட்டு வரும், பாருங்க."

பெர்பெத்துவா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முந்தானை விழுந்துவிடும். பிள்ளையின் இன்னொரு கண் இன்னும் ஈரமாக இருந்தது.